நீல நூல் கட்டிய ஜாடிகள்

என் ஆராய்ச்சி வழிகாட்டிக்கு அமெரிக்காவில் வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்று, திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். வேலை போகக் காரணம் நான்தான். நல்ல பெண்கள் இதையெல்லாம் வெளியே சொல்லமாட்டார்களாம். நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரி. நைனா பவர்லூமில் கூலிக்கு நெய்தார். தறிச் சத்தத்தில் நின்று நின்று காது பாதி போய்விட்டது. நான் ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு முழங்காலும் வீங்க ஆரம்பித்தது. "எம்பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கி லெக்சரர் ஆன மறுநாளே நான் தறிய வுட்டுட்டு உக்காந்துக்குவேன்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். காது கேட்காதவர் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். இதை அவர் ரகசியமாகவும் சொல்லவில்லை.

திருப்பதி பல்கலைக்கழகத்தில் நான் எடுத்துக்கொண்டது பாக்டீரியாவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சி. நாளில் பாதி நேரம் கரண்டு இல்லாமல் தறிகள் சும்மா நிற்கும் ஊரில் பிறந்தவளுக்கு வேறு எதில் ஆசை வரும்? சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், தின்ற பிறகு மிஞ்சும் எலக்ட்ரான்களைப் பக்கத்தில் இருக்கிற கரியின் மேல் தள்ளிவிடும். ஜாடியில் அவற்றை வளர்த்து, உள்ளே ஒரு கார்பன் தண்டைத் தொங்கவிட்டுக் கம்பி இழுத்தால் மீட்டர் எண் காட்டும். ரொம்பக் கொஞ்சம்தான். அதைக் கூட்டத்தான், எலக்ட்ரானை வெளியே தள்ளும் புரதத்தை அதிகமாகச் செய்யவைக்கிற ஒரு ஜீனைப் பாக்டீரியாவுக்குள் ஏற்றினேன். ஒன்றரை வருடம் பிடித்தது.

ஜீன் ஏற்றிய ஜாடி எது, ஏற்றாத ஜாடி எது என்று தெரிய மற்றவர்கள் பேனாவால் எழுதிவைப்பார்கள். ஈரம் பட்டால் அது அழிந்துவிடும். எங்கள் ஊரில் தறியில் ஏற்றும் பாவு நூல் எது யாருடையது என்று தெரிய முனையில் கலர் நூல் கட்டுவோம். எனக்கும் கை தானாக அப்படித்தான் போயிற்று. ஜீன் ஏற்றிய ஜாடியில் கார்பன் தண்டை நீல நூலால் கட்டித் தொங்கவிட்டேன், ஏற்றாததில் வெள்ளை நூலால். சாயம் நிற்கவில்லை என்று தறி முதலாளி ஒதுக்கிய சிட்டத்திலிருந்து நைனா உருவிக் கொடுத்த நீல நூல் அது.

நீல நூல் ஜாடிகளில் மின்சாரம் கிடுகிடுவென்று ஏறியது. என் வழிகாட்டி சார் மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "சூடம்மா, மன ஜீன் பனி சேஸ்தோந்தி!" என்று தெலுங்கில் குதித்தார். நம் ஜீன் வேலை செய்கிறதாம். அன்று அது நம் ஜீனாக இருந்தது.

தெருவுக்குத் தெரு யாராவது அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். சாருக்கும் விசா வந்தது. திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு, என் பாக்டீரியாவைச் சின்னக் குப்பிகளில் அடைத்து எடுத்துக்கொண்டு, என் நோட்டையும் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினார். சில மாதங்களில் கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர் இருந்தது, அங்கே அவருக்கு இடம் கொடுத்த பேராசிரியரின் பெயர் இருந்தது. என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் இருந்தது. குடுவைகளைக் கழுவிக் கொடுத்து உதவியதற்காக. இன்டர்நெட் சென்டரில் அதைப் படித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. போன் போட்டுக் கேட்டேன். "நீ சின்னப் பொண்ணும்மா, உனக்கு இன்னும் எத்தனையோ பேப்பர் வரும்" என்றார்.

அடுத்த மாதம் நீல நூல் தீர்ந்துபோயிற்று. எல்லா ஜாடிக்கும் வெள்ளை நூலே கட்டினேன். எல்லா ஜாடியும் ஒரே எண்ணைக் காட்டின. மூன்று தடவை செய்து பார்த்தேன், அதேதான். ஊருக்குப் போய் நீல நூல் கொண்டுவந்து, ஜீன் ஏற்றாத பாக்டீரியாவுக்குக் கட்டினேன். மின்சாரம் ஏறியது. ஜீன் எதையும் கிழிக்கவில்லை. நூலிலிருந்து கரைந்த சாயம்தான் எலக்ட்ரானைச் சுமந்துபோய்க் கரியில் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு ஜாடிகளை ஒப்பிடும்போது ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முதல் வருட மாணவிக்குத் தெரிந்ததை நான் கோட்டைவிட்டேன். உட்கார்ந்து அழுதேன். தப்பு என்னுடையது, ஆனால் அதைத் திருடிக்கொண்டு போனவர் அவர் என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது.

அவரே போன் செய்தார். "அம்மா, இங்க கரண்டு ஏறவே மாட்டேங்குது. அங்க நீ என்ன பண்ணே?"

"குடுவை கழுவினேன் சார்."

"கோவமா இருக்கியாம்மா?"

"அதெல்லாம் இல்ல சார். அங்க தண்ணி வேற மாதிரி இருக்கும்."

தண்ணீரை மாற்றினார், உப்பை மாற்றினார், சூட்டைக் கூட்டிக் குறைத்தார். வாரம் தவறாமல் போன் வரும். ஒவ்வொரு தடவையும் நான் புதிதாக ஒரு வழி சொல்வேன். நீலம், வெள்ளை என்று என் நோட்டில் எழுதித்தான் இருந்தது. வெறும் அடையாளம் என்று தாண்டிப் போயிருப்பார். அந்த வாரங்களைப்போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

பிறகு, அந்தக் கட்டுரையைக் காட்டி அங்கே அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கப்போகிறது என்ற செய்தி வந்தது. எனக்குப் புதிதாக வழிகாட்டியாக வந்திருந்த மேடத்திடம் நூல் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "உன் தீசிஸ்ல பாதி அந்த ஜீன்தானேம்மா. ஆறு மாசம் பொறு. அதை எடுத்துட்டு, சாயத்தை வெச்சு ஒழுங்கா எழுதி, பட்டத்தை வாங்கிக்கோ. அப்புறம் பத்திரிகைக்கு எழுது. இப்பவே எழுதினா உன்னையும் சேர்த்துத்தான் விசாரிப்பாங்க."

சரியான யோசனை. ஆறு மாதத்தில் அவர் நிரந்தரமாகிவிடுவார் என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. அந்த வாரமே கட்டுரை வந்த பத்திரிகைக்கு எல்லா எண்களோடும் கடிதம் அனுப்பினேன். உண்மைக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். உண்மை ஆறு மாதம் காத்திருக்கும். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை, இருந்த வேலையும் போயிற்று. மேடம் சொன்னதும் நடந்தது. என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். தீசிஸை முதலிலிருந்து செய், இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்றார்கள்.

பிரியாணி சாப்பிட்ட கையோடு ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, நகரிக்கு வந்து, நேராகத் தறி ஷெட்டுக்குப் போனேன். நைனா தறியை நிறுத்தவில்லை.

"அவன் வேல போச்சாமே, நெசமா?" என்று கத்தினார்.

"போச்சு நைனா!"

"நல்லா வேணும் அவனுக்கு!" முகமெல்லாம் சிரிப்பு. "உனுக்கு எப்ப வருது பட்டம்?"

"இன்னும் ரெண்டு வருஷம் ஆவும்."

"என்னா?"

நான் தொண்டை கிழியக் கத்தினேன். "ரெண்டு வருஷம் ஆவும் நைனா!" பக்கத்துத் தறிக்காரர்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார், திட்டுவார் என்று நின்றேன்.

"சரி, வூட்டுக்குப் போய்த் துன்னு. நான் இத முட்ச்சிக்கினு வர்றேன்" என்றார். வீங்கின முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்திவைத்துக்கொண்டு, தறியை ஓடவிட்டார்.

இரண்டு வருடம் என்றது மூன்றாயிற்று. அதுவரை நைனா அந்தக் காலோடு தறியில் நின்றார்.