ஜெகதாம்பாள் நீட்டச் சொன்ன கை

ஜெகதாம்பாள் வீட்டு வாசலில் கூண்டு வண்டி வந்து நின்றால், எங்கேயோ ஒரு பெண்ணுக்கு அன்றைக்குப் பொழுது சரியாக விடியவில்லை என்று அர்த்தம். உடையார்பாளையத்துக்குத் தெற்கே முந்திரித் தோப்பும் வரகுக் கொல்லையுமாகக் கிடந்தது அவள் ஊர். அங்கிருந்து ஆண்டிமடம், அரியலூர், பெரம்பலூர் வரைக்கும் அவளை அழைத்துப் போவார்கள். பெண் பார்க்கப் புறப்படுகிற மாப்பிள்ளை வீட்டார் பூ, பழம், வெற்றிலையோடு ஜெகதாம்பாளையும் வண்டியில் ஏற்றிக்கொள்வது வழக்கமாகியிருந்தது. முகம் பார்க்க ஆயிரம் பேர் உண்டு, கைகால் பார்க்க அவள் ஒருத்திதான். இதை அவளே சொல்லிக்கொள்வாள், யாரும் கேட்காதபோதும்.

இந்த வித்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் சிரிப்புதான் வரும். அவளுடைய அப்பா சிங்காரவேலு நிலபுலன் உள்ளவர். ஆனாலும் வயலில் இருந்த நேரத்தைவிடச் சந்தையில் இருந்த நேரம்தான் அதிகம். மாட்டுத் தரகு. அந்தப் பக்கத்தில் உழவு மாடு வாங்குகிறவன் அவரைக் கூப்பிடாமல் கயிற்றைப் பிடிக்க மாட்டான். அவர் மாட்டின் முகத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார். குனிந்து காலைத்தான் பார்ப்பார். முன்னங்கால் இரண்டும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக இறங்க வேண்டும். நடக்கையில் பின்னங்கால் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. கணுவில் வீக்கம் கூடாது. சின்ன வயதில் அப்பாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு சந்தை சந்தையாகச் சுற்றிய ஜெகதாம்பாள் இதையெல்லாம் பாடமாக்கிக்கொண்டாள்.

அதில் தப்பொன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த பிறகு, மாடு பார்க்கிற வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு என்று ஊர் சொன்னதும், அந்தக் கண்ணைத் தூக்கி மனுஷர் மேல் வைத்தாளே, அங்கேதான் வந்தது வினை. மாட்டுக்கு முன்னங்கால் எப்படியோ அப்படித்தான் பெண்ணுக்குக் கை என்று முடிவுகட்டிவிட்டாள். கையை ஊன்றி எந்தப் பெண்ணும் ஏர் இழுக்கப் போவதில்லை என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. சொல்ல வேண்டியவர் புருஷன் அய்யாக்கண்ணு. அவரோ, அவள் வாயைத் திறந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுகிற ரகம்.

அவள் பெண் பார்க்கிற அழகே தனி. முதலில் பெண்ணைக் காலை நனைத்துக்கொண்டு கூடத்தில் நடக்கச் சொல்வாள். ஈரச் சுவட்டில் பாதத்தின் உட்பக்கம் வளைவாக விழ வேண்டும். முழுப் பாதமும் பதிந்தால் உதட்டைப் பிதுக்குவாள். பிறகு கையை ஊன்றாமல் குந்தி எழச் சொல்வாள். முழங்காலில் சொடக்கென்று ஒரு சத்தம் கேட்டால் போச்சு. தோள்பட்டையை அமுக்கிப் பார்ப்பாள், மணிக்கட்டைத் திருகிப் பார்ப்பாள், விரலைப் பின்னுக்கு வளைத்துப் பார்ப்பாள். கெண்டைக்காலைப் புடவையோடு சேர்த்துப் பிடித்து, “சதை இருக்கு, கெட்டி பத்தாது” என்பாள், கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி. இத்தனையும் முடிந்த பிறகுதான் கை. “உள்ளங்கை முன்னால தெரியறாப்ல ரெண்டு கையையும் நீட்டித் தொங்க விடு. முழங்கையை மடக்காத.”

வந்து நிற்கிற பெண்ணெல்லாம் தோற்றுப்போவது அங்கேதான். அப்படித் தொங்கவிட்டால் முழங்கைக்குக் கீழே கை கொஞ்சம் வெளிப்பக்கம் சாயத்தான் செய்யும். மேலே இருந்து ஓர் எலும்பு இறங்குகிறது, கீழே இருந்து இரண்டு எலும்பு ஏறுகிறது. மூன்றும் கூடுகிற மூட்டு யாருக்கும் நூல் பிடித்த மாதிரி அமைவதில்லை. ஆணுக்கும் சாயும், பெண்ணுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் கூடச் சாயும். வீசி நடக்கிற கை இடுப்பில் இடிக்காமல், தூக்கிய வாளி தொடையில் மோதாமல் விலகிப் போக அது உதவுகிறது. ஜெகதாம்பாளுக்கு அது கோணல். கோணல் கையில் தானியம் தங்காது, குடும்பம் ஒழுகிப் போகும் என்று அடித்துச் சொல்வாள்.

எல்லாருக்கும் சாய்கிறது என்றால் ஒரு பெண்கூடத் தேறியிருக்கக் கூடாதே என்று கேட்கலாம். தேறினார்கள். உபசாரம் பலமாக இருந்த வீட்டுப் பெண்களுக்குக் கை நேராக இருந்தது. காப்பி ஆறிப்போய் வந்த வீட்டில் கோணல் தெரிந்தது. அவள் வேண்டுமென்று பொய் சொன்னாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் கண்ணுக்கே அப்படித்தான் தெரிந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

அவள் தெருவிலேயே இருந்த சின்னம்மாளின் மகள் சாந்தாவைப் பெரம்பலூரிலிருந்து பார்க்க வந்தபோதும் மாப்பிள்ளை வீட்டார் இவளைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணாயிற்றே, நாம் போகவேண்டாம் என்று இவளுக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளையைக் கூடத்தில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, “கோணல்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, வெற்றிலைத் தட்டை இப்படித் தள்ளச் சொன்னாள். அந்த இடம் தட்டிப்போனது. விஷயம் பரவி, அதற்குப் பின் வந்த இடங்களும் தட்டிப்போயின. சாந்தா வீட்டோடு இருந்தாள். சின்னம்மாள் இவளோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டாள். “உண்மையைச் சொன்னா ஒறைக்கும்” என்று ஜெகதாம்பாள் அதையும் ஒரு பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

இந்த உத்தமிக்கும் ஒரு பெண் இருந்தது. ஜெயலட்சுமி. பத்தொன்பது வயதாகிவிட்டது, யாரும் வந்து கேட்கவில்லை. நம் அந்தஸ்துக்குத் தயங்குகிறார்கள் என்று ஜெகதாம்பாள் நினைத்துக்கொண்டாள். தங்கள் பெண்ணை மாடு மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தவளோடு யார் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. மகளின் கை சாய்ந்திருப்பது மட்டும் அவளுக்குத் தெரியும். கிணற்றடியில் வாளியோடு வந்த பெண்ணைப் பார்த்து ஒரு நாள் திடுக்கிட்டுப் போனாள். அன்றிலிருந்து நாலு பேர் நடுவில் முழங்கையை லேசாக மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிப் பழக்கினாள். மடக்கினால் சாய்வு தெரியாது. அது யுத்த காலம்; துணி கிடைக்காமல் ஊரே அல்லாடிக்கொண்டிருந்தது. அப்போதும் எங்கெங்கோ சொல்லிவைத்து வாங்கி, மகளுக்கு மட்டும் முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டாள். ஊர்ப் பெண்ணுக்குக் கோணல், தன் பெண்ணுக்கு ரவிக்கை!

கடைசியில் திருமழபாடியிலிருந்து ஒரு இடம் வந்தது. ரத்தினம்மாள் என்ற அம்மாளின் மகன் வைரக்கண்ணு. கொள்ளிடக் கரையில் நஞ்சை இருந்தது. வீட்டில் தாயும் மகனும்தான். ஜெயலட்சுமி அவனை அரியலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருந்தாள். ரசம் ஊற்றிக்கொண்டு வந்தான். அவள் “போதும்” என்றதும் நிறுத்திவிட்டான். அவள் வீட்டில் அவள் போதும் என்று சொல்லி எதுவும் நின்றதில்லை. அந்த ஒன்றுக்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று. இந்த இடம் தவறினால் அடுத்தது வருமா என்பதும் அவளுக்குத் தெரியும். அன்றைக்குத் தலையில் வைக்கிற பூவைத் தானே கட்டினாள்.

கூடம் நிறையப் பெண்கள். தெருவுக்கே சொல்லியிருந்ததால் சின்னம்மாளும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ரத்தினம்மாள் பெண்ணைப் பார்த்தாள், பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசினாள், மனசு நிறைந்துவிட்டது. பிறகு கபடில்லாமல் ஜெகதாம்பாள் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் பாக்கத் தெரிஞ்சது மொகந்தாங்க. அது எனக்குத் திருப்தி. கைகாலு பாக்க ஒங்களைத்தான் ஊரு ஊரா கூப்புடுறாங்களாமே. நான் வேற யாரைத் தேடிப் போறது? நீங்களே பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா எனக்கு அது வேதவாக்கு.”

ஜெகதாம்பாள் சிரித்தாள். “நல்லாருக்கே! எம்பொண்ண நானே பாக்குறதா?”

“ஏன், அதே கண்ணுதானே?” என்றது ஓரத்திலிருந்து சின்னம்மாளின் குரல். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெகதாம்பாளுக்குச் சுருக்கென்றது. பின்வாங்கினால் பயந்துவிட்டாள் என்பார்கள். “எந்திரிடி” என்றாள்.

ஜெயலட்சுமி காலை நனைத்துக்கொண்டு நடந்தாள். சுவடு நன்றாக வளைந்து விழுந்தது. குந்தி எழுந்தாள். சத்தமில்லை. தோள், மணிக்கட்டு, விரல் எல்லாம் சரி. ஜெகதாம்பாள் அத்தோடு கையைத் தட்டிக்கொண்டு உட்காரப் பார்த்தாள்.

“கையி?” என்றாள் சின்னம்மாள்.

வேறு வழியில்லாமல் கையை நீட்டச் சொன்னாள். அம்மா பழக்கிவைத்தபடியே மகள் முழங்கையை லேசாக மடக்கித் தொங்கவிட்டாள்.

“மடக்கக் கூடாதுன்னு எங்க சாந்தாகிட்ட சொன்னீங்களே. இங்க மட்டும் மடக்கலாமா? அந்த ரவிக்கையையும் கொஞ்சம் மேல ஏத்துனா நல்லாத் தெரியும்.”

ஜெயலட்சுமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ரவிக்கையைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு கையை முழுக்க நீட்டினாள். இரண்டு முன்கையும் இடுப்பை விட்டு அழகாக விலகி நின்றன. உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானைக்குள் தங்கள் கையைத் திருட்டுத்தனமாக நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் சட்டென்று மூடிக்கொண்டார்கள்.

ஜெகதாம்பாள் முன்னால் இரண்டு வார்த்தைகள் இருந்தன. நேர் என்றால் மகளுக்குக் கல்யாணம். ஆனால் சின்னம்மாள் சிரிப்பாள். நாளைக்கு அந்தச் சிரிப்பு ஆண்டிமடம் போகும், அரியலூர் போகும். கூண்டு வண்டி வருவது நின்றுபோகும். கோணல் என்றால் பேர் நிற்கும், கல்யாணம் நின்றுபோகும். ஒரு தாய் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை இது. அவள் எடைபோட்டாள்.

“கோணல்தான்” என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருந்தாலும் போகிறதென்று விடலாம். நாக்கு பழகிய தடத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. “ரெண்டு கையும் சாயுது. எடது கொஞ்சம் அதிகம். நடக்கறப்ப முட்டி உரசற மாதிரியும் இருக்கு. பாதம் குத்தம் சொல்ல முடியாது. தோளு சுமாரு.” சந்தையில் அவள் அப்பா பேசுகிற குரல் அப்படியே வந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அய்யாக்கண்ணு, அன்றைக்கு எங்கேயும் போகவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயலட்சுமி அழவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள். போதும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ரத்தினம்மாள் எழுந்து வந்தாள். சுருட்டி ஏற்றியிருந்த ரவிக்கையைத் தன் கையாலேயே இறக்கிவிட்டாள்.

“கெணத்துல தண்ணி எடுப்பியாம்மா?”

“எடுப்பேங்க.”

“தூக்கிட்டு நடந்தா வாளி தொடையில இடிக்குமா?”

“இடிக்காதுங்க.”

“அப்புறம் என்னத்துக்கு நேரா இருக்கணும்? எங்கூர்ல ஆத்துத் தண்ணி தூக்கற கையெல்லாம் இப்படித்தான். என் கையும் இதான்.” முந்தானையை விலக்கி ஒரு தரம் நீட்டிக் காட்டிவிட்டு, வாசல் பக்கம் திரும்பினாள். “அண்ணே, பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. நீங்க வந்து தாம்பூலத் தட்ட வாங்கிக்குங்க.”

ஜெகதாம்பாள் எழுந்தாள். தட்டு வாங்குவது அவள் வேலையல்லவா? ரத்தினம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “நீங்க ஒக்காருங்க. நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க. இனிமே பேச்செல்லாம் நாங்க அண்ணங்கிட்ட பேசிக்கறோம்.”

மானமுள்ளவளுக்கு அது போதும். ஜெகதாம்பாள் அதையும் லாபக் கணக்கில் எழுதிக்கொண்டாள். பேரும் போகவில்லை, கல்யாணமும் கூடிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஜெயித்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. “பெத்த பொண்ணுன்னுகூடப் பாக்காம நெசத்தச் சொன்னேன் பாருங்க” என்று பக்கத்திலிருந்தவளிடம் ஆரம்பித்தாள். அந்தப் பெண் எழுந்து சின்னம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வந்தவர்கள் புறப்படுகிற சமயத்தில் ஜெகதாம்பாள் உள்ளே போனாள். ஜெயலட்சுமி பூவைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? இப்ப என்ன, கல்யாணம் நின்னா போச்சு? நல்லதுதான நடந்துச்சு. கோவமா?”

“கோவமெல்லாம் இல்லம்மா.” மகள் நிதானமாகத்தான் சொன்னாள். “சாந்தா அக்காவ நீ அப்படிச் சொன்னப்ப, அடுத்த வூட்டுப் பொண்ணு, அதான் ஒனக்கு மனசு எறங்கலன்னு நெனச்சேன். இன்னிக்கு என்னையச் சொல்லும்போதும் ஒங்கொரலு அப்படியேதான் இருந்துச்சு.”

வாசலில் மாடு பூட்டுகிற சத்தம் கேட்டது. ஜெயலட்சுமி அம்மாவைத் தாண்டி, ரத்தினம்மாளை வழியனுப்ப வெளியே போனாள்.