மருமகனின் இருபது நிமிடம்

முப்பத்தொரு வருடம் கடைக்காரர்களின் தராசுகளைப் பரிசோதிக்கிற உத்தியோகம் பார்த்தவன் நான். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கல்முனைச் சந்தையின் ஒரு முனையில் கேட்டால் மறுமுனையில் எடை போடுகிற படிக்கற்கள் மாறிவிடும். அடியில் குடைந்த படிக்கல், தட்டுக்குக் கீழே ஒட்டிய புளி உருண்டை, தட்டைத் தொடாதது போலத் தொடுகிற சுண்டுவிரல் எல்லாம் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவனிடம் வந்து நம்பு என்றால் எதை நம்புவது? ஓய்வு பெற்ற பிறகும் பாண் ரொட்டி வாங்கினால் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பாள் என் மனைவி. நான் அரண்டவன் இல்லை, அனுபவப்பட்டவன் என்பேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது தகப்பனின் பொறுப்பு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நானும் சாய்ந்தமருதில் எங்கள் வளவின் முன்பக்கம் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மனைவியோடு பின்பக்கத்தில் உள்ள இரண்டு அறை வீட்டுக்கு மாறினேன். ஆள்தான் மாறினேன், கண் முன் வீட்டில்தான் இருந்தது.

மருமகன் ஒலுவில் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவர். பேச்சுக் குறைவு. பேச்சுக் குறைந்தவர்களை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. சந்தையில் சத்தம் போட்டு விற்கிறவன் கிலோவுக்கு ஐம்பது கிராம் அடிப்பான். வாய் திறக்காதவன் நூறு கிராம் அடிப்பான். இது என் அனுபவம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் முன் அறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்காருவார். கண் மூடியிருக்கும். உதடு மட்டும் லேசாக அசையும். இருபது நிமிடம் கழித்து எழுந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வேலைக்குப் போவார். நோன்பு, பெருநாள், காய்ச்சல் எதற்கும் விடுமுறை இல்லை. ஒரு மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்த காலையிலும் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

இப்படி ஒரு மனிதன் நாலு வருடமாக ஒன்றையே செய்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? முதலில், தூங்குகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று சட்டி மூடியைச் சீமெந்துத் தரையில் போட்டேன். இமை துடித்தது, உதடு நிற்கவில்லை. ஆகவே தூக்கமில்லை. இரகசியமாக யாராவது ஒரு ஷெய்கிடம் கை கொடுத்துச் சீடராகியிருக்கிறாரோ என்று விசாரித்தேன். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எனக்கு ஒரு எண்ணம் விழுந்தது. இந்த மனிதர் என்னைக் குறித்துத்தான் ஏதோ ஓதுகிறார்.

"என்ட வாயக் கட்ட ஏதும் இசும், மந்திரம் ஓதுறாரோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்கட வாயையா? அந்தளவு பெரிய இசும் இன்னும் எறங்கல்ல," என்றாள்.

பகிடியோடு அது போயிருக்கும். ஆனால் அடுத்த கிழமை அவளே குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். மகளும் மருமகனும் ஒலுவிலில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்களாம். அந்த வீடு மூன்று மாதத்தில் காலியாகுமாம்.

கட்டிக் கொடுத்த வீட்டை விட்டு மகள் வாடகை வீட்டுக்குப் போவதென்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவனோடு இருக்க முடியாமல் போகிறாள். ஊர் சொல்வதைக்கூடத் தாங்கலாம். காலையில் அவள் முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்காத வளவில் நான் எப்படி இருப்பேன்? எனக்கு அவள் ஒருத்திதான்.

"எல்லாம் அந்தக் கதிரையில இருந்து போட்ட திட்டம்," என்றேன்.

"மூணு மாசம் இரிக்கி. கொஞ்சம் மாறிப் பாருங்க. இந்த நோண்டுற புத்திய விட்டா புள்ளையள் இரிப்பாங்க," என்றாள் மனைவி.

அந்தக் கிழமை கிளினிக்கில் பிரஷர் பார்த்த டொக்டர் பெண்ணுக்கும் முகம் மாறிவிட்டது. மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, தினமும் இருபது நிமிடம் அமைதியாக இருக்கப் பழகச் சொன்னார். இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிற திக்ரோ, மூச்சுப் பயிற்சியோ, எது பிடிக்குமோ அது. "ஆனா ஒண்டைப் பிடிச்சா மூண்டு மாசத்துக்கு மாத்தாதீங்க." மனைவி சொன்னதும் மூன்று மாதம், இவர் சொன்னதும் மூன்று மாதம். இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்களோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

முதலில் தஸ்பீஹ் மணி வாங்கினேன். தொண்ணூற்றொன்பது மணி இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எண்ணினால் தொண்ணூற்றெட்டு. மூன்று தரம் எண்ணினேன். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கடைக்காரனின் கண் முன்னாலேயே எண்ண வைத்தேன். "அல்லாஹ் மணி எண்ணிப் பாக்கமாட்டான் சேர்," என்றான். வேறு மாலை கொடுத்தான். அதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பிறகு உட்கார்ந்தாலே என் விரல் மணியைத்தான் எண்ணியது, மனம் அல்லாஹ்விடம் போகவில்லை. ஆறாம் நாள் விட்டுவிட்டேன்.

பிறகு போனில் ஒரு செயலி. ஒரு பெண் குரல் செந்தமிழில் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லும், வெளியே விடச் சொல்லும். எட்டு நாள் இழுத்தேன், விட்டேன். கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. ஒன்பதாம் நாள் நடுவிலே முடி வளர்க்கிற எண்ணெய்க்கு விளம்பரம் வந்தது. என் வழுக்கை இவளுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே அழித்தேன்.

மூன்றாவது, கல்முனையில் ஒரு கடைக்கு மேல் மாடியில் நடந்த வகுப்பு. இருபது பேர் கண்ணை மூடினோம். நான் ஒரு கண்ணைத் திறந்து, படிப்பிக்கிறவர் கண் மூடியிருக்கிறாரா என்று பார்த்தேன். அவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். போனதற்கு அந்த ஒரு உண்மை போதும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நாலாவது, வியாழக்கிழமை மாலைகளில் வேறொரு பள்ளிவாசலில் கூடி ஓதுகிற திக்ர் மஜ்லிஸ். அங்கே எனக்கு உண்மையாகவே மனம் இளகியது. ஆனால் எங்கள் ஊர், தொழுகையில் கையை எங்கே கட்டுகிறான், எந்தப் பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றுகிறான் என்று பார்த்து ஆளை வகை பிரிக்கிற ஊர். இரண்டாம் கிழமை தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "என்ன சேர், இப்ப அந்தப் பக்கமா?" என்று கேட்டார். யார் என்னைக் கவனிக்கிறார்கள் என்று கவனிப்பதிலேயே மூன்றாம் கிழமை ஓடியது. நாலாம் கிழமை போகவில்லை.

திரும்பக் கிளினிக்குக்குப் போனபோது பிரஷர் முன்னையதை விடக் கூடியிருந்தது. எத்தனை நாள் செய்தேன் என்று டொக்டர் கேட்டார். நாலு விதம் செய்தேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"நான் ஒண்டுதானே செய்யச் சொன்னன்," என்றார்.

பஸ்ஸில் வரும்போது அது உறுத்தியது. தராசைப் பரிசோதித்தால் கடைசியில் ஒன்று முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல் செய்ய வேண்டும். முத்திரை குத்தினால் ஒரு வருடம் அதை நம்பி விட்டுவிட வேண்டும். நான் பரிசோதித்துக்கொண்டே இருந்தேனே தவிர ஒன்றுக்கும் முத்திரை குத்தவில்லை. இப்படி ஏழு கிழமை போய்விட்டது. மிச்சம் ஐந்து கிழமைதான்.

அப்படி யோசித்தவன் திருந்தியிருக்க வேண்டும். எனக்கு வந்த யோசனை வேறு. நோய் என்னிடம் இல்லை, அந்தக் கதிரையில் இருக்கிறது. அதைப் பக்கத்திலிருந்து பரிசோதித்தால் திட்டம் வெளியே வரும். மறுநாள் ஸுபஹ் முடிந்ததும் நானும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு முன் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்க்காமல், அவரைப் பார்க்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடினார். இருபது நிமிடம் முடிந்து கண்ணைத் திறந்து, "மாமா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். உதட்டு அசைவை வைத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் நானும் மனதுக்குள் நபியின் மேல் ஸலவாத்துச் சொன்னேன். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் அவருக்கு முதல் நான் போய்க் கதிரையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பாண்காரனோடு நான் சண்டை பிடித்துப் பத்து நாளாகிறது என்று மனைவி சொன்னாள். ஏன் இதையெல்லாம் கணக்கு வைக்கிறாள் என்று யோசித்தேன். எந்த நாளில் என் கதிரையும் சுவர்ப் பக்கம் திரும்பியது என்று எனக்கு ஞாபகமில்லை. என்னைக் கேட்டால் அப்போதும் பரிசோதனை நடக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் கிழமையில் ஒரு காலை, அவர் கண்ணைத் திறந்ததும் நேரே கேட்டுவிட்டேன். "மருமகன், ஒண்டு கேக்கிறன். என்னத்தத்தான் ஓதுறீங்க?"

அவர் கொஞ்சம் சிரித்தார். "பெரிசா ஒண்டுமில்ல மாமா. யா ஸபூர், யா ஸபூர். அது மட்டும்தான்."

இறைவனின் பெயர்களில் ஒன்று அது. பொறுமை மிக்கவனே என்று அழைப்பது.

"வேற ஒண்டும் இல்லையா? மாத்தவே இல்லையா?"

"வேற தேவை வரல்ல மாமா."

"எப்பயிருந்து?"

அவர் தரையைப் பார்த்தார். "கலியாணம் முடிஞ்ச மூணாம் நாள்ல இருந்து. அண்டைக்கு நான் ஹார்பருக்குப் போகக்குள்ள நீங்க பைக்ல பின்னால வந்தீங்க. கண்ணாடியில கண்டன்."

போனது உண்மை. இவர் வேலைக்குத்தான் போகிறாரா என்று பார்க்கப் போனேன். துறைமுக வாசலுக்குள் அவர் நுழைவதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். நாலு வருடமாக அது ஒரு குருவிக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ சந்தேகம் பிழையாகப் போயிருக்கிறது. என்னைக் குறித்துத்தான் ஓதுகிறார் என்ற இந்த ஒரு சந்தேகம் சரியாக இருந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

வெட்கத்தை மறைக்கக் கோபப்படுவதுதான் என் வழக்கம். "அப்ப ஏன் வீட்ட விட்டுப் போறீங்க? ஸபூர் முடிஞ்சிட்டா?"

"நான் இரிப்பம் எண்டுதான் சொல்றன் மாமா," என்றார். குரலைத் தாழ்த்தினார். "போகணும் எண்டு நிக்கிறது அவ."

"பொய்."

"நான் இஞ்ச வந்து நாலு வருஷம். அவ பொறந்ததில இருந்து உங்களோட இரிக்கா."

மகள் இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் இவளை மட்டும் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"ஓமா புள்ள?" என்று கேட்டேன்.

கோப்பைகளை மேசையில் வைத்தாள். "ஓம் வாப்பா." கோபமாகச் சொல்லவில்லை. "ஏஎல் படிக்கக்குள்ள கிளாஸ் முடிஞ்சு வந்தா என்ட பேக்கக் கொட்டிப் பாப்பீங்க. ஒரு நாளும் ஒண்டும் கெடைக்கல்ல. அடுத்த நாளும் கொட்டினீங்க. ரெண்டு வருஷம், ஒரு நாள் விடல்ல வாப்பா."

என்னால் ஒன்றையும் பிடித்து நிற்க முடியாது என்று டொக்டர் நினைத்தது பிழை. ஒன்றைப் பிடித்து நின்றிருக்கிறேன். காய்ச்சலிலும் நோன்பிலும் விடாமல் செய்திருக்கிறேன். அது என் பிள்ளையின் பையைக் கொட்டிப் பார்ப்பது. மேசையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்கவும் எனக்குத் துணிவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். வேலைக்குக் கிட்ட என்பதால் போனார்கள் என்று மனைவி ஊருக்குச் சொல்கிறாள். ஊர் நம்பியதாகத் தெரியவில்லை. போகிற அன்று மருமகன் என்னைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னார். மகள் முன் வீட்டுச் சாவியை என்னிடம் தராமல் உம்மாவிடம் கொடுத்தாள்.

ஐந்து மாதமாகிறது. காலையில் மனைவி கதவைத் திறந்துவிட, அந்த முன் அறையில் தனியாக உட்காருகிறேன். அவர் சொன்ன அதே பெயர்தான், மாற்றவில்லை. பலன் இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. பிரஷர் இறங்கியிருக்கிறது. ஆனால் அதே நேரம் டொக்டர் மாத்திரையையும் கூட்டினார், எது வேலை செய்தது என்று யார் கண்டது? சில நாள் இருபது நிமிடமும் அந்தப் பெயரோடு சண்டை பிடித்தே முடிகிறது. வேறு ஏதாவது பார்ப்போமா என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது தோன்றும். மகளிடம் நிறுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் இருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அவள் போன் எடுத்தாள். நோன்புக்கு வந்து நிற்பார்களோ என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வாப்பா, இண்டைக்கும் இரிந்தீங்களா?"

"ஓம் புள்ள, இரிந்தன்."

"போன உம்மாட்ட குடுங்க."

கொடுத்தேன். அவள் கேட்டது எனக்கும் கேட்டது. "உண்மையாவா உம்மா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "ஓம் புள்ள," என்றாள். "நான் ஜன்னலால பாத்துக்கிட்டுத்தான் நிண்டன்."