கூரை வேண்டாத ரெத்தினதாஸ்

தட்டில் சோறு விழுந்ததும் ரெத்தினதாஸ் எழுந்து வெளியே போய்விடுவார். கிணற்றடிப் பலாமரத்தின் கீழ் நின்றபடியே பிசைந்து உண்பார். மீன்முள்ளைப் பூனைக்குப் போடுவார்.

“பின்னே மேசை வாங்கினது ஆருக்காக்கும்?” என்று மனைவி ஆனந்தபாய் உள்ளிருந்து சத்தம் போடுவார்.

“நீ இருந்து தின்னு. எனக்கு இங்க காத்து உண்டு.”

நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தவர். படம் கழுவுகிற இருட்டறையிலேயே பாதி ஆயுள் கழிந்தது. ஓய்வு பெற்ற அன்று மகள் ஜெஸ்னாவிடம் சொன்னார்: “வெட்டம் காணாத இருட்டு முறியில இருந்து மதியாச்சு மக்கா. இனி எனக்கு ஆகாசம் போரும்.”

மறுநாளே தூண்டிலும் கையுமாகத் திருப்புறம் பக்கம் ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டார். மீன் அவ்வளவாகச் சிக்காது. திரும்பும் வழியில் பூவார் சந்தையில் வாங்கி வருவார்.

“இது தூண்டில்ல கிட்டினதா, சந்தையில கிட்டினதா?” என்பார் ஆனந்தபாய்.

“வெள்ளத்தில கெடந்த மீனாக்கும்.”

விடுமுறை நாட்களில் ஜெஸ்னாவின் மகள் அக்சாவும் கூடப் போவாள். பறவைகளின் பெயர் அவருக்குத் தெரியாது; தெரிந்த மனிதர்களின் பெயரை வைத்துவிடுவார். முங்கினால் எழாத நீர்க்காகம் அவருடைய மைத்துனன் செல்லசாமி. அசையாமல் நிற்கும் கொக்கு, சபைச் செயலாளர். “சத்தம் போடாத மக்கா, செக்ரட்டரி ஜெபத்தில இருக்காரு.”

போன வருடம் மழையில் ஆற்றுக் கடவுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்ததும் ஜெஸ்னா அப்பாவையும் அம்மாவையும் பாறசாலையிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். “இனி ஒரு தடவ விழுந்தா எழும்ப முடியாதுப்பா. ஆத்துப் பக்கமே போண்டாம்,” என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி, வாசல் கம்பிக்கதவைப் பூட்டினாள்.

அவர் சரியென்று கேட்டுக்கொண்டார். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு வாய் உண்டதும் “மதி, போரும்” என்று கையைக் கழுவினார். இந்தப் பணிவுதான் ஜெஸ்னாவைப் பயமுறுத்தியது.

ஒரு நாள் ஜன்னல் கம்பியில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது.

“இது ஆரு பாட்டா?” என்று அக்சா ஆசையாகக் கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“காக்கா,” என்றார்.

அடுக்களையில் நின்ற ஜெஸ்னாவின் காதில் அந்தச் சொல் விழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்து வந்தாள். “சட்டையப் போடுங்கப்பா. கடவு வரைக்கும் போயிட்டு வருவம்.”

கிறிஸ்துமசுக்கு முன்பே ரெத்தினதாஸ் உறக்கத்தில் போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பியவர்கள் சிரிப்பும் அழுகையுமாய் அவரைப் பற்றி எத்தனையோ சொன்னார்கள். ஜெஸ்னாவின் மனதில் நிற்பது கடவுக்குப் போன அந்தச் சாயங்காலம்தான்.

ஆட்டோவைக் கரையில் நிறுத்தச் சொல்லி, படிக்கு வெகு முன்னாலேயே ஒரு தென்னையடியில் அவரை ஊன்றுகோலோடு நிற்க வைத்தாள். துலா மாதத்து மழைவெள்ளத்தில் ஆறு கலங்கிப் புரண்டு ஓடியது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். சற்று நேரத்தில் மழை பிடித்தது. ஜெஸ்னா அவசரமாகக் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

“காய்ச்சல் வருமப்பா. வண்டியில ஏறுங்க.”

“வாறேன் மக்கா. கொஞ்சம் நனைஞ்சிட்டு வாறேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.