உதடு ஒட்டும் இடம்

போன வாரம் பெருங்களத்தூரில் பணம் எடுக்க ஒரு ஏடிஎம் அறைக்குள் போனேன். ஏசி ஓடவில்லை. கதவு சாத்திக்கொண்டதும், எனக்கு முன்னால் வந்துபோன யாரோ ஒருவருடைய விபூதி வாசனையும் வியர்வையும் கலந்து மூக்கில் ஏறியது. வந்த வேலையை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். வெளியே இருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். கன்னியப்பண்ணன் எனக்கு உபதேசம் செய்த அன்றும் இப்படித்தான் ஒருவன் தட்டினான்.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு மந்திர உபதேசம் நடந்தது மேற்குத் தாம்பரத்தில் ஒரு எஸ்டிடி பூத்துக்குள். அண்ணனுடைய பூத் அது. மற்ற நாளில் போன் வியாபாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின்னறையில் வாலைத்தாய் பூசை. சித்தர் வழி என்பார். பாட்டு, மேளம், சுண்டல் எதுவும் கிடையாது. ஒரு விளக்கு, சுற்றி நாங்கள் ஏழெட்டுப் பேர், வாய்க்குள் அவரவர் மந்திரம். சத்தம் வெளியே வரக் கூடாது.

போன் பேசும் கண்ணாடிக் கூண்டில் ஒருவர் நின்றாலே முழங்கை இடிக்கும். அதற்குள் என்னைத் தள்ளி, தானும் நுழைந்து, கதவைச் சாத்திக் காதில் ஓதினார். "உன் மூச்சைப் பாத்து உனக்குன்னே எடுத்தது. வேற ஒருத்தனுக்கும் கெடையாது. பொண்டாட்டியாண்ட கூட சொல்லாதே. சொன்னா மந்திரம் செத்துடும்."

அப்போதுதான் வெளியே தட்டினான். "யோவ், ரெண்டு பேரும் உள்ள இன்னா பண்றீங்க? ஊருக்குப் பேசணும்யா!"

"இருப்பா, லைன்ல கீது," என்றார் அண்ணன்.

பல்லாவரத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். எதையும் அளந்து பார்க்காமல் எனக்கு மனசு அடங்காது. எங்கள் அத்தனை பேருக்கும் தனித்தனி மந்திரம் இந்த மனுஷனிடம் இருக்குமா? பணம் கேட்டிருந்தால் போலி என்று முடிவுகட்டிப் போயிருப்பேன். அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு மேல் யாரிடமும் வாங்கியதில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இன்னொருவருடையதைக் கேட்டால் என்னுடையதைச் சொல்ல வேண்டும், சொன்னால் செத்துவிடும். அதனால் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். என் மந்திரத்தில் உதடு ஒட்டும் இடம் இரண்டு. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் அரைக்கண்ணால் ஒவ்வொரு வாயாகப் பார்ப்பேன். தையல்காரர் பரமசிவத்துக்கும் இரண்டு இடத்தில் ஒட்டியது போலிருந்தது. சாரதா அக்காவுக்குக் கொஞ்சம் எடுப்புப் பல். ஒட்டவே ஒட்டாது, கணக்கு தப்பிவிடும். ஒரு தடவை இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால், அண்ணனும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் என் மனைவி லட்சுமியும் அவரிடம் உபதேசம் வாங்கினாள். வினை வீட்டுக்குள்ளேயே வந்தது. குழம்பைக் கிளறியபடி அவள் முணுமுணுப்பாள். நான் சமையற்கட்டு வாசலில் நிற்பேன்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? உப்பெல்லாம் போட்டாச்சு."

தாங்க முடியாமல் ஒரு நாள் அண்ணனிடமே கேட்டுவிட்டேன். "எல்லாருக்கும் ஒரே மந்திரந்தானாண்ணா?"

பில் மெஷினில் காகிதச் சுருள் மாற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "நேத்து உன் வூட்டுக்காரம்மாவும் இதையேதான் கேட்டுச்சு. மந்திரம் எப்படியோ, சந்தேகம் ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் கீது. போய் வேலையைப் பாரு."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலில் ஏதோ ஏமாற்று இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் படத்தைக் கும்பிட்டுக்கொண்டேதான் நினைக்கிறேன்.

எல்லோர் கையிலும் செல்போன் வந்து பூத்தில் ஆள் குறைந்த வருஷம், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். காரியம் முடிந்த மதியம் பின்னறையில் கூடினோம். பரமசிவம்தான் ஆரம்பித்தார்.

"இனிமே கேக்கறதுக்கு ஆளில்ல. எல்லாரும் ஒரே நேரத்துல சத்தமா சொல்லிடுவோம். ஒண்ணா வேறயான்னு தெரிஞ்சுடும். செத்தா எல்லாருக்கும் சேந்தே சாவட்டும்."

யாரும் மறுக்கவில்லை. எனக்கும் லட்சுமிக்கும்தான் இந்த வியாதி என்று இருந்தேனே, அங்கே எல்லா முகத்திலும் அதே பசி.

"ஒண்ணு... ரெண்டு... மூணு!"

ஒரு வாயும் திறக்கவில்லை. அடுத்தவர் சொல்வதைப் பிடிக்க அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நல்லா கீதுய்யா உங்க பக்தி!" என்று சாரதா அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அழுதுவிட்டார். அதன் பிறகு நாங்கள் கூடவில்லை.

ஷேர் ஆட்டோவில் லட்சுமியைக் கேட்டேன். "நீ ஏன் சொல்லல?"

"உங்க உதட்டைப் பாத்துகிட்டு இருந்தேன். இத்தனை வருஷமா அதானே வேலை," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "உங்களுக்கு ரெண்டு எடத்துல ஒட்டுது. எனக்கு மூணு. போதுமா?" என்றாள்.

நிஜமா, என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாளா, அதுவும் தெரியாது. பூத் இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். லட்சுமியும் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி உட்கார்கிறேன். நடுவில் கண்ணைத் திறந்தால், என் உதட்டைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.