திங்கட்கிழமைப் பெருநாள்

"திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தங்களை நேரில் காண விரும்புகிறோம். சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைக் கொண்டுவரவும். பயணச் செலவு வழங்கப்படமாட்டாது."

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, மொழிபெயர்ப்பு என்னுடையது. ஐம்பதுகளின் நடுப்பகுதியில், ஒரு மே மாதத்தில், அது கல்முனைத் தபாற்கந்தோருக்கு வந்து சேர்ந்தது. வருடத்தையும் தேதியையும் தெரிந்தேதான் விடுகிறேன். அவற்றை எழுதினால் அந்தக் கம்பனி எதுவென்று கண்டுபிடிப்பது சுலபம். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் கொழும்பில் இருக்கிறார்கள்.

தொழிற்சாலைகளுக்காகச் சோதனைகள் செய்து கொடுக்கும் ஆராய்ச்சிக் கம்பனி அது. தும்புக்கயிறு எவ்வளவு பாரம் தாங்கும், தேயிலைப் பெட்டிப் பலகைக்குள் ஈரம் எப்படிப் போகிறது, எந்த வர்ணம் துருவைத் தடுக்கும் என்பவை போன்ற கேள்விகளுக்கு அங்கே விடை தேடினார்கள். பத்திரிகை விளம்பரம் பார்த்து நான் கேட்டிருந்தது ஆராய்ச்சி உதவியாளர் வேலை. விஞ்ஞானப் பாடத்தில் சித்தியடைந்தவர்கள் எங்கள் பக்கத்தில் அப்போது மிகக் குறைவு. அவர்களும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத்தான் போனார்கள். எனக்கும் வாப்பா விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருந்தார். கொழும்பிலிருந்து நல்ல பதில் வந்தால் அதை நிரப்பவேண்டியதில்லை என்று அவரிடம் ஒப்புதல் வாங்கியிருந்தேன். ஒரு பொருளைக் கையில் எடுத்து, அளந்து, அறிந்து சொல்வதையே தொழிலாகச் செய்யலாம் என்று எனக்குக் காட்டிய முதல் விளம்பரம் அது. எனக்கு அது வேண்டும் என்று அவரிடம் சொல்ல முடிந்தது. ஏன் என்று சொல்ல முடியவில்லை.

சிக்கல் நாளில் இருந்தது. நேர்முகத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை றமழான் இருபத்தொன்பது; அன்று மாலை பிறை கண்டால் மறுநாளே நோன்புப் பெருநாள், காணாவிட்டால் முப்பதாம் நோன்பு.

"பெருநாள் வாற நேரத்தில எங்க மகன் போற?" என்று உம்மா கேட்டார்.

"பெருநாள் செவ்வாய்க்கிழமைதான் உம்மா. செவ்வாய் காலையில நான் இஞ்ச நிப்பன்."

"பிறை ஒன்ட்ட வந்து சொன்னதா?"

பிறை சொல்லவில்லை, நான் கணக்குப் பார்த்திருந்தேன். காலண்டரிலும் செவ்வாய்க்கிழமையே சிவப்பில் அச்சாகியிருந்தது. பல வருடங்களாக ஒவ்வொரு மாதத் தலைப்பிறையையும் எந்த மாலையில், வானத்தில் எவ்வளவு உயரத்தில் கண்டோம் என்று குறித்து வந்தவன் நான். ஞாயிறு மாலை பிறை கண்ணுக்குத் தெரியாத அளவு இளையதாக இருக்கும் என்பது என் முடிவு. பிறையைக் கண்ணால் கண்டு பெருநாள் எடுக்கும் ஊரில் பிறந்தவன், காணுமுன்பே கணக்கை நம்பிப் பயணத்தை ஒழுங்கு செய்தேன். பெருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை நேர்முகத்துக்குப் போட எடுத்துக்கொண்டேன். சஹர் சாப்பாட்டுக்கு உம்மா இலைச்சோறு கட்டித் தந்தார்.

மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தில் பேரீச்சம்பழத்தோடும் குழாய்த் தண்ணீரோடும் நோன்பு திறந்தேன். மேடையில் நின்றவர்களில் தொப்பி போட்டவர்கள் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தோம். வாவிக்கு மேலே மேகம் கட்டி நின்றது. "காணல்ல," என்றார் ஒரு போர்ட்டர். கோச்சி புறப்பட்டது. காட்டுக்குள் போகும் இரவு வண்டியில் யாரிடம் பிறையைக் கேட்பது? விடியுமுன் இலைச்சோற்றைத் தின்று, மறுநாள் நோன்புக்கு மனதுக்குள் நிய்யத்து வைத்துக்கொண்டேன்.

கொழும்பு மருதானையில் இறங்கியபோது தெருவில் புதுச் சாரங்கள். அத்தர் வாசனை. பள்ளிவாசலில் தக்பீர் முழக்கம் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"பெருநாள்தானே தம்பி. ராவு பெறை கண்டாச்சி. நீங்க எங்க இருந்த?"

"கோச்சியில."

"அப்ப சரி. கோச்சிக்கு யாரு வந்து சொல்ற?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹறாம், விலக்கப்பட்டது. உள்ளே ஒரு சாயாக்காரர் இலவசமாக ஊற்றிக்கொண்டிருந்த பிளேன்டீயில் ஒரு வாய் குடித்து என் நோன்பை முறித்தேன். பையைத் தூணோரம் வைத்துவிட்டுத் தொழுதேன். சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்துக் கிடக்கும்போதும் சான்றிதழ்கள் இருந்த பை மீதே நினைவு. குத்பாப் பிரசங்கம் முடிந்ததும் ஆளை ஆள் கட்டிப்பிடிக்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்த முதியவர் எனக்குக் கை தந்தார்.

"எந்த ஊரு மகன்?"

"கல்முனைப் பக்கம்."

"அங்கயும் கண்டதா?"

"தெரியா."

"தெரியாமத்தான் வந்து தொழுதீங்களா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் அவருடைய மருமக்கள் மூன்று பேர் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என்னை யாரும் கட்டிப்பிடிக்காத முதல் பெருநாள் அது.

கம்பனியில் எங்கள் எல்லோரையும் ஒரு நீண்ட வாங்கில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் கொழும்புப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். ஒருவரை ஒருவர் முன்பே அறிந்தவர்கள். கிரிக்கெட் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என் பக்கம் திரும்பி எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டான். சொன்னேன். அது எங்கே என்றான். மட்டக்களப்புக்குத் தெற்கே என்றேன். "அதற்குத் தெற்கே ஆட்கள் இருக்கிறார்களா?" என்றான் அவன், உண்மையாகவே அறிய விரும்பியவன்போல. இன்னொருவன், "இருக்கிறார்கள், அத்தர் பூசிக்கொண்டு வருகிறார்கள்," என்றான். நெருக்கியடித்த பள்ளிவாசலில் யாரோ என் சட்டையில் தடவியிருக்கவேண்டும். அதுவரை எனக்கே தெரியவில்லை.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஓர் ஆங்கிலேயர். அவருக்கு இடப்பக்கம் சிங்களப் பொறியியலாளர் ஒருவர். வலப்பக்கம் இரசாயனப் பகுதியைப் பார்த்த யாழ்ப்பாணத்துப் பெரியவர். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. அந்தப் பெரியவர் மட்டும் இடையிடையே தமிழில் கதைத்தார்.

கடலோரத்தில் இரும்பு ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று கேட்டார்கள். சொன்னேன். இரண்டு கயிறுகளில் எது பலமானது என்று எப்படி அறிவாய் என்றார்கள். இரண்டையும் நனைத்தும் காயவிட்டும் பாரம் கட்டிப் பார்ப்பேன், ஒரே துண்டை நம்பமாட்டேன் என்றேன். ஆங்கிலேயர் தலையசைத்தார். நேர்முகம் நன்றாகப் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் பியோன் தேநீர் கொண்டுவந்து எனக்கும் ஒரு கோப்பை வைத்தான். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. இந்த நிமிடத்தில் வீட்டில் எல்லோரும் நோன்போடு இருக்கிறார்களா என்ற நினைவு வந்ததுதான் காரணம். பொறியியலாளர் அதைக் கவனித்தார்.

"நோன்பு மாதமல்லவா? எடுத்துவிடச் சொல்லட்டுமா?"

"இல்லை சேர், இன்று பெருநாள்."

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "நாளைக்கென்று போட்டிருக்கிறதே?"

பிறை கண்டால்தான் மாதம் பிறக்கும், காலண்டர் அச்சிடுபவரால் அதை முன்கூட்டி முடிவுசெய்ய முடியாது என்று விளக்கினேன். பிறை தெரியாது என்று நானும் கணக்குப் பார்த்து நோன்பு தொடங்கியதையும், காலையில் அதை முறித்ததையும் சொன்னேன். ஆங்கிலேயர் பேனாவைக் கீழே வைத்தார். யாழ்ப்பாணத்துப் பெரியவர் தமிழுக்கு மாறினார்.

"பிறையை நீர் கண்டனீரோ?"

"இல்லை ஐயா."

"பின்னை ஆர் கண்டது?"

"தெரியாது. கண்டாச்சு என்று மருதானைப் பள்ளியடியில் ஒருவர் சொன்னார்."

"அவர் கண்டவரோ?"

"கேட்கவில்லை ஐயா."

பெரியவர் அதை ஆங்கிலத்தில் மற்ற இருவருக்கும் சொன்னார். மூவரும் சிரித்தார்கள், ஏளனமாக அல்ல. பிறகு ஆங்கிலேயர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். பிறை தெரியாது என்று நீயே கணித்திருக்கிறாய். அதன்படி நோன்பும் தொடங்கியிருக்கிறாய். வாசலில் நின்ற ஒருவர் வேறு சொன்னதும் உன் முடிவைக் கைவிட்டாய். இங்கே பக்கத்து மேசைக்காரன் வேறொரு விடை சொன்னால் உன் விடையை மாற்றிவிடுவாயா?

"மாட்டேன் சேர். அது வேறு, இது வேறு. மார்க்கத்தில், நான் நிற்கும் ஊர் பெருநாள் எடுத்தால் நானும் எடுக்கவேண்டும் என்பது சட்டம். இங்கே நான் திரும்ப அளந்து பார்ப்பேன்."

"அப்படியானால் உன் கணக்குச் சரியா, அவர்கள் கண்டது சரியா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். என் கணக்குச் சரி என்றால், ஒரு பள்ளிவாசல் நிறைந்த மக்கள் பிழையான நாளில் தொழுதார்கள் என்று மூன்று அந்நியர் முன்னால் நான் சாட்சி சொன்னவனாவேன். அவர்கள் கண்டது சரி என்றால், என் குறிப்புகளை நானே நம்பாதவனாவேன்.

"எனக்குத் தெரியாது சேர்," என்றேன்.

"நன்றி. அறிவிப்போம்," என்றார் ஆங்கிலேயர். தேநீர் ஆறியிருந்தது, குடித்துவிட்டு எழுந்தேன்.

பகல் உணவுக்கு அலைந்தேன். நான் சாப்பிடக்கூடிய முஸ்லிம் கடைகள் எல்லாம் பெருநாளுக்காகப் பூட்டியிருந்தன. கடைசியில் ஒரு சைவக் கடையில் தோசை சாப்பிட்டேன். எதிரே இருந்தவர் என் தொப்பியைப் பார்த்து, "இண்டைக்கு உங்களுக்கு விசேஷமெல்லோ?" என்றார். ஓம் என்றேன். அவர் தன் தட்டிலிருந்த வடையை என் பக்கம் தள்ளிவைத்தார். அன்று எனக்குக் கிடைத்த பெருநாள் பண்டம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வந்து இறங்கியபோது பெருநாள் தொழுகை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. ஞாயிறு மாலை எங்கள் கரையில் யாரும் பிறை காணவில்லை. கொழும்புச் செய்தி வந்துசேர்ந்தபோது திங்கள் மதியமாகிவிட்டதாம். முப்பதைப் பூர்த்தி செய்வோம் என்று பள்ளியில் முடிவெடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் எல்லோரும் புதுச் சட்டையில் நின்றார்கள். என்னுடையது இரண்டு இரவு கோச்சியில் கசங்கிக் கரி படிந்திருந்தது.

"இந்தா வாறார் கொழும்புப் பிறை," என்றான் மச்சான். "மச்சான்ட பிறை கோட்டுப் போட்டதா, சாரம் உடுத்ததா?"

"சும்மா இரிடா," என்றார் உம்மா. பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "நேத்து நோன்பு பிடிச்சயா மகன்?"

"இல்ல உம்மா. அங்க பெருநாள்."

அவர் வட்டிலப்பம் வெட்டி வைத்தார். வாப்பா உள்ளேயிருந்து வந்தார்.

"வேல சரியா?"

"தெரியா வாப்பா."

"பிறையும் தெரியா, வேலயும் தெரியா. என்னத்தத்தான் தெரிஞ்சிட்டு வந்த?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்; அவரும் சிரித்தார். பின்னேரம் மார்க்கம் கற்ற ஆலிம் ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போய்க் கேட்டார். நின்ற ஊரோடு பெருநாள் எடுத்தது சரி, அந்த நோன்பைத் திரும்பப் பிடிக்கத் தேவையில்லை என்று ஆலிம் சொன்னார். "இவருக்கு இருவத்தொம்பது, ஒங்களுக்கு முப்பது. ரெண்டும் சரிதான்." சட்டம் தெளிவாகிவிட்டது. ஆனால் பெருநாளோடு பிறந்த அந்த ஷவ்வால் மாதம் முழுவதும் என் மாதமும் ஊரின் மாதமும் ஒருநாள் விலகியே ஓடின. பிறை பதினான்கு என்று மற்றவர்கள் சொன்ன இரவில் எனக்கு அது பதினைந்து. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வருந்துகிறோம் என்ற பதில் ஜூன் முடியுமுன் வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. வாப்பா வாங்கி வைத்த படிவத்தை நிரப்பினேன். ஓய்வு பெறும்வரை விஞ்ஞானம் படிப்பித்தேன். "தெரியாது" என்ற விடைதான் வேலையைக் கெடுத்தது என்று பல வருடங்கள் எண்ணியிருந்தேன். அதையே அவர்கள் விரும்பியிருக்கவேண்டும் என்று எண்ணிய வருடங்களும் உண்டு.

பிற்காலத்தில் காரைதீவில் ஒரு கல்யாண வீட்டில், அந்தக் கம்பனியின் கணக்குப் பகுதியில் இருந்து இளைப்பாறிய ஒருவரைச் சந்தித்தேன். அந்த வருடம் செலவைக் குறைத்தார்கள் என்றும், நேர்முகம் நடத்திய பின்னர் அந்த வேலைக்கு யாரையுமே எடுக்கவில்லை என்றும் அவர் சொன்னார். நேர்முகம் நடந்த காலத்தில் அவர் அங்கே சேர்ந்திருக்கவில்லை. பிறர் சொல்லக் கேட்டதைத்தான் சொன்னார். கம்பனி இப்போது இல்லை. அதன் பத்திரங்கள் எங்கே போயின என்று என்னால் கண்டறிய முடியவில்லை. ஆகவே, அந்த இடத்துக்கு யாரும் நியமிக்கப்படவில்லை என்ற இந்தத் தகவல் இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படாதது.