ஒரு தொட்டில் ஸ்டாண்டு, நாலு இணையக் கடைகள்: தங்கவயலிலிருந்து ஜோகுபாளையத்துக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல. விற்கக் கூடாத ஒரு சரக்கை இணையத்தில் விற்றுவிட்டு, வாங்கியவரிடம் நேரில் பதில் சொல்லப் போனேன். என்னைப் போலச் சின்னப் பட்டறை வைத்து நாலு இடத்தில் விற்பவர்கள் இதைப் படித்தால் ஒரு ரயில் டிக்கெட்டும் கொஞ்சம் மானமும் மிச்சமாகும்.

நானும் என் கணவரும் இரும்புக் குழாயில் தொட்டில் ஸ்டாண்டு செய்கிறோம். ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். மூன்று பெரிய இணையக் கடைகளிலும் எங்கள் சொந்த வலைத்தளத்திலும் விற்பனை. ஒரே ஸ்டாண்டை இரண்டு கடையில் இரண்டு பேர் வாங்கிவிடுவார்கள். அதில் ஒருவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது என் வேலை. அப்படி இரண்டு ஆர்டர் ரத்தானதும் ஒரு கடையிலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னும் ஒன்று ரத்தானால் ஒரு மாதத்துக்கு எங்கள் பொருளை எடுத்துவிடுவார்களாம். எங்கள் விற்பனையில் பாதி அங்கேதான். அது நின்றால் ஆறு பேரையும் வீட்டில் உட்காரச் சொல்ல வேண்டியதுதான்.

பயந்துபோய், மாதச் சந்தா கட்டி ஒரு மென்பொருள் வாங்கினோம். ஓரிடத்தில் ஒன்று விற்றால் மற்ற மூன்று இடத்திலும் இரண்டே நிமிடத்தில் ஒன்று குறையும். மூன்று வாரம் ஒரு தகராறும் இல்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

அப்புறம் குழாய் லாரி வரவில்லை. ஸ்டாக் இறங்கி இறங்கி ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒன்றில் வந்து நின்றது. ஆறே முக்காலுக்கு அந்த ஒன்றும் போனது, எச்சரிக்கை அனுப்பிய அதே கடையில். வாங்கியவர் பெங்களூர் ஜோகுபாளையத்தில் இருக்கும் சுகன்யா என்ற பெண். மற்ற மூன்று இடமும் உடனே பூஜ்யமாகின. என்ன அழகாக வேலை செய்கிறது என்று மெச்சிக்கொண்டே பார்சல் கட்ட குடோனுக்குப் போனேன். அங்கே ஸ்டாண்டு இல்லை.

அது எதிர்வீட்டு ஸ்டெல்லாவிடம் இருந்தது. அவளுடைய மூன்று மாதக் குழந்தை அதில் தூங்கிக்கொண்டிருந்தது.

தொழில் தொடங்கியபோது நாங்கள் செய்த முதல் ஸ்டாண்டை விற்கவில்லை. தெருவுக்கென்று விட்டுவிட்டோம். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகும், குழந்தை வளர்ந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். மென்பொருளில் முதல் நாள் கணக்கு ஏற்றியபோது ‘நம்முடையதுதானே’ என்று அதையும் சேர்த்து எண்ணிவிட்டேன். முப்பது, இருபது என்று ஸ்டாக் இருந்தவரை தெரியவில்லை. ஒன்றுக்கு இறங்கியதும் தெரிந்தது. மென்பொருள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்ன பொய்யை நாலு இடத்திலும் ஒரே நேரத்தில் ஒழுங்காகச் சொன்னது.

சனிக்கிழமை காலை சுகன்யாவுக்குப் போன் போட்டேன். “ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குப் பேர் வைக்கிறோம்க்கா. வாடகை வீடு, மேல கொக்கி இல்ல. நாளைக்கு வந்துடும்ல?” என்றாள். எங்கள் வியாபாரத்தின் சங்கடமே இதுதான். குழந்தை பிறக்கும் முன் யாரும் தொட்டில் வாங்கமாட்டார்கள். பிறந்த பிறகு நாளைக்கே வேண்டும். “நானே கொண்டாந்து தர்றேம்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எதைக் கொண்டுபோவது என்று அப்போது தெரியாது.

ஸ்டெல்லாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் கணவர் புலம்பியதைக் கேட்டு அவளே வந்தாள். “எடுத்துட்டுப் போக்கா. என் புள்ள ஒரு நாள் பாயில படுத்தா ஒன்னும் கொறஞ்சிடாது” என்றாள். அன்றிரவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

ஞாயிறு காலை 6.25க்கு எங்கள் ஊர் உரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். ஸ்டாண்டு ஐந்து துண்டாகக் கழன்றாலும் ஒன்பது கிலோ, நீளத் துண்டு நாலரை அடி. கடைசிப் பெட்டியில் கழிவறைப் பக்கச் சுவரில் சாய்த்தால் யாரும் முறைக்கமாட்டார்கள். 8.35க்கு பெங்களூரில் பையப்பனஹள்ளி ஸ்டேஷன். அங்கிருந்து மெட்ரோ இருக்கிறது, ஆனால் இத்தனை நீளத்தை உள்ளே விடமாட்டார்கள். இரண்டு ஆட்டோக்காரர்கள் கம்பியைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஆள் ஜீவனஹள்ளிப் பக்கத்துத் தமிழர்.

“இன்னாம்மா இது, பந்தல் கம்பியா?”

“தொட்டில் ஸ்டாண்டுப்பா.”

“அப்ப ஏத்து. தொட்டிலுக்கு எக்ஸ்ட்ரா வாங்குனேன்னு தெரிஞ்சா எங்க வூட்ல சோறு போடமாட்டா.” கயிறு எடுத்து அவரே கட்டினார். ஜோகுபாளையத்துக்கு மீட்டர்படி நூற்று அறுபது. நான் இருநூறு கொடுத்தேன், நாற்பதைத் திருப்பித் தந்தார்.

சுகன்யா வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் கணவர் இறங்கி வந்து தூக்கினார். பத்து நிமிடத்தில் பூட்டி நிறுத்திவிட்டேன். மூட்டுகளில் பெயின்ட் தேய்ந்திருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்ப்பதைக் கண்டதும் இனி மறைக்க முடியாது என்று புரிந்தது.

“இது புதுசு இல்ல தம்பி,” என்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திங்கட்கிழமை குழாய் வந்துவிடும், புதிய ஸ்டாண்டு புதன்கிழமை வரும், அதுவரை இதை இன்றைய விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் எடுத்துப்போகிறேன் என்றேன்.

“புதுசுக்குத்தானே மேடம் காசு கட்னோம்? கேன்சல் பண்ணிட்டா காசு வந்துடும்ல?” என்று போனை எடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு பட்டன். எனக்கு ஆறு பேர் சம்பளம். வேண்டாம் என்று கெஞ்சவும் கூச்சமாக இருந்தது.

“இருங்க,” என்றாள் சுகன்யா. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். “இதுல எத்தினி கொழந்தைங்க படுத்திருக்கும்க்கா?”

“எண்ணலம்மா. இருவது, இருவத்தஞ்சு இருக்கும்.”

“எல்லாம் நல்லாருக்காங்களா?”

“நல்லாருக்காங்களாவா? ஒருத்தன் தெனம் எங்க கேட்டுலயே பந்த அடிச்சி உயிரை வாங்கறான்.”

சிரித்தாள். சிரிப்பு முடியும் முன் அழுதுவிட்டாள். “எனக்கு ரெண்டு தடவ தங்கலக்கா. இது மூணாவது. மொதமொத இதுலயே படுக்கட்டும்.”

அவள் கணவர் போனைக் கீழே வைத்தார். சுகன்யா அதை எடுத்து, டெலிவரி தேதியைப் புதன்கிழமைக்கு மாற்றி அழுத்தினாள். வாங்கியவரே தள்ளிவைத்தால் அந்தக் கடையில் அது ரத்துக் கணக்கில் வராது. பேர் வைத்து, பாயசத்தோடு சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். சாயங்கால ரயிலில் ஸ்டாண்டோடு திரும்பி, நேரே ஸ்டெல்லா வீட்டில் பூட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போனேன்.

இனி உங்களுக்கு. மென்பொருள் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் எண்ணிக்கையைக் கையால் தொட்டு எண்ணுங்கள். கையில் இருப்பது வேறு, விற்க இருப்பது வேறு. இரவல் போனது, மாதிரிக்கு வைத்தது, திரும்பி வந்து இன்னும் பிரித்துப் பார்க்காதது எதுவும் விற்பனை எண்ணிக்கையில் சேரக் கூடாது. நாங்கள் கொக்கியைத் தனியாகவும் விற்கிறோம், ஸ்டாண்டோடு போகும் அதே கொக்கிதான், அதனால் ஒரு கொக்கி போனால் ஒரு ஸ்டாண்டும் குறைய வேண்டும் என்பதையும் இப்போதுதான் ஏற்றியிருக்கிறேன். சரக்கு வரத் தாமதமாகும் நாட்களில் கடைசி இரண்டை எங்கும் காட்டாதீர்கள். சனிக்கிழமைதோறும் எண்ணுங்கள், அரைமணி நேரம்தான் ஆகும். தப்பு நடந்துவிட்டால் போனிலேயே உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அப்படியிருந்தும் ஸ்டெல்லா, ஆட்டோக்காரர், சுகன்யா என்று மூன்று பேர் என்னைக் காப்பாற்றினார்கள். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை புது ஸ்டாண்டு ஜோகுபாளையம் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே சுகன்யா ஒரு குரல் பதிவு அனுப்பினாள். “அக்கா, பாப்பா உக்கார ஆரம்பிச்சதும் இத ஒங்களுக்கே அனுப்பிடறேன். விக்காதீங்க. எவளாவது என்னை மாதிரி பயந்துக்கினு இருப்பா, அவளுக்குக் குடுங்க.”