தனிச்சட்டி

அயர்லாந்தில் நான் வசிக்கும் சிறிய ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு காவலாளி இருக்கிறார். என்னைத் திருடி என்று அவர் சந்தேகப்படுகிறார். அவர்மேல் தப்புச் சொல்ல மாட்டேன். ஒருத்தி மசாலாப் பொடி டப்பாவை எடுத்து, முன்னே பின்னே திருப்பி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து அதே டப்பாவை மறுபடி எடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். "உதவி வேண்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். இந்த நாட்டில் சிரித்துக்கொண்டுதான் சந்தேகப்படுவார்கள். "வேண்டாம்" என்று நானும் சிரித்து வைப்பேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்கள் இருவரில் பெரிய சந்தேகக்காரர் யார் என்றால், நான்தான்.

எனக்குச் சீலியாக் என்று ஒரு நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என் குடலுக்கு ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். இதற்கு மருந்து மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்த சில வருடங்களிலேயே உடம்பு கரைந்தது, ரத்தம் ஏறவில்லை, வயிறு எந்நேரமும் புரட்டிக்கொண்டிருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன், பிறகு ஊர் ஏக்கம் என்று நினைத்தேன். கடைசியில் தொண்டை வழியாகக் குழாயை விட்டுப் பார்த்துத்தான் சொன்னார்கள். விருதுநகரில் எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டாவைக் கணக்கு வழக்கில்லாமல் உள்ளே தள்ளிய வயிறு இது. டாக்டர் ஏதோ ஆளை மாற்றிப் பார்த்துவிட்டார் என்றுதான் முதலில் நம்பினேன்.

விஷயத்தை உடன் வேலை பார்க்கும் நோராவிடம் மட்டும் சொன்னேன். நோரா என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். மறுநாள் ஊழியர்களின் சமையலறைக்குள் போனால், ஒரு தனி அலமாரியில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ரொட்டி வாட்ட ஒரு சின்ன மெஷின், எல்லாம் புதுசாக அடுக்கியிருந்தன. மேலே என் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். "இதெல்லாம் உனக்கு மட்டும். நாங்கள் யாரும் இதைத் தொட மாட்டோம். நீயும் எங்களுடையதைத் தொடாதே" என்றார். எனக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறியது. வெளியே வந்துவிட்டேன்.

என் தெருவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா இளவட்டமாக இருந்தபோது அடுத்தவர் காட்டில் கூலி வேலைதான். அன்றைக்கு ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று கூரையின் கீழ் விளிம்பில், இறவாணத்தில், தனித் தம்ளர் செருகியிருக்கும். எடுத்துக் குடித்துவிட்டு, நாமே கழுவி, இருந்த இடத்தில் செருகிவிட்டு வர வேண்டும். அப்பா அதைத் தொடவே இல்லை. சாகும்வரை எந்த டீக்கடையிலும் அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை. பிறகு பட்டாசு செய்யும் வெடிக் கம்பெனிகள் வந்து, காட்டு வேலை போய், கையில் கூலி என்று நாலு காசு புரண்டபோது அவர் முதலில் வாங்கியது ஒரே மாதிரித் தட்டுகள் ஒரு டஜன். எந்தத் தட்டும் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு தடவை அண்ணன் தன் தட்டில் ஆணியால் பெயரைக் கீறிவிட்டான். அப்பா அதைப் பிடுங்கித் தெருவில் வீசினார். "இந்த வீட்டுல தனித்தட்டு கெடையாது. அத ஊர்க்காரன் வச்சான். நாம வைக்கக் கூடாது" என்றார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் பல வாரங்கள் நோரா வைத்த தட்டைத் தொடாமல், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து டப்பாச் சோறு தின்றேன். ஒருநாள் நோரா நேராக வந்து, "என்மேல் ஏதாவது கோபமா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனித் தம்ளர் வைத்திருந்தார்கள், அதை வேறு யாரும் தொட மாட்டார்கள், அதுதான் நினைவுக்கு வந்தது என்றேன். நோராவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! உங்கள் ஊரில் அவ்வளவு பேருக்கு இந்த நோய் உண்டா? ஒரு டீக்கடையில்கூட எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள்!" என்றார். அவர் தங்கைக்கும் இதே நோயாம், ஒரே மெஷினில் வாட்டிய ரொட்டியின் தூளே போதுமாம், தங்கை பட்ட பாட்டைப் பார்த்துத்தான் எனக்கு அதையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். அன்று அந்தத் தட்டில் சாப்பிட்டேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் என் பெயர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கும்.

சென்ற வருடம் தீபாவளிக்கு முந்திய சீசனில் விடுமுறை எடுத்து, கணவரையும் மகனையும் இங்கேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. இப்போது அது அண்ணன் வீடு. அண்ணன் வெடிக் கம்பெனிக்குப் போகிறான். அவன் மனைவி, என் மதினி, வீட்டிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கிறாள். ஆர்டர் குவிந்து கிடந்ததால் முன்னறை முழுக்கக் குழாய்களாகக் கிடந்தன. அந்த இரண்டு வாரம் எனக்குப் பெரிய சோதனை. பிறந்த வீட்டில் என்னால் சாப்பிட முடியுமா, முடியாதா? முடியாது என்றால் அதற்குமேல் என்ன முகத்தோடு அங்கே போவேன்?

முதல் நாளே அடுப்படியில் புகுந்து சோதனை போட்டேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், கூட்டுப் பெருங்காயம், கோதுமை மாவு சேர்த்தது. திருடனைப் பிடித்துவிட்ட மிதப்போடு அதைக் குப்பையில் போட்டேன். சோறு, ரசம், மோர், அவித்த முட்டை என்று தின்றேன். மறுநாள் மாலையே வயிறு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாளும். மதினி என்ன அரைக்கிறாள், எதைத் தாளிக்கிறாள் என்று அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு பார்க்க ஆரம்பித்தேன். அயர்லாந்துக் காவலாளி என்னைப் பார்ப்பது போலவே.

மதினிக்கும் என்மேல் சந்தேகம். பக்கத்து வீட்டில் பூரி கொடுத்தபோது நான் வேண்டாம் என்றது தெருவெங்கும் பரவிவிட்டது. "என்ன மாரி, இம்புட்டு மெலிஞ்சு இருக்கீக? அங்கன சோறு கெடைக்காதா? இங்கனயும் திங்க மாட்டேங்கீகளாமே?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். மாசமாக இருக்கிறாள்போல என்றாள் ஒருத்தி. இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஏதோ நேர்ந்துகொண்டு மறந்திருப்பாள் என்றாள் இன்னொருத்தி. வீட்டுக்கு வந்ததும் மதினி கேட்டாள்:

"ஏ மாரி, நாங்க அம்புட்டுப் பேரும் இந்தச் சோத்தத்தான திங்கோம்? எங்களுக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு மட்டும் எப்படி ஆகும்? எங்க கை பட்டா உனக்கு ஆகாதோ?"

அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்கலாமா? அதுவும் என்னைப் பார்த்துக் கேட்கலாமா? எனக்கும் ஆத்திரம். அண்ணன் வந்ததும், "நான் சொல்லச் சொல்ல மதினி சாப்பாட்டுல எதையோ கலக்குறாங்கண்ணே" என்று சொல்லியேவிட்டேன். மதினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இனி இவளே பொங்கித் திங்கட்டும். நான் இவ சோத்துப் பக்கம் வர மாட்டேன்."

நானே பொங்கினேன். அரிசியை நானே களைந்து, எங்கள் வீட்டின் பெரிய ஈயச்சட்டியில் நானே உலை வைத்து, நானே வடித்தேன். அலுமினியத்தைத்தான் எங்கள் ஊரில் ஈயம் என்போம். வெறும் சோறும் உப்பும் மோரும்தான். அன்றும் வயிறு முறுக்கியது. சந்தேகப்பட வேறு ஆள் இல்லாமல் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அரிசியும் இனி ஆகாதோ? டாக்டர் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதோ? இந்த மண்ணே என்னைத் தள்ளுகிறதோ என்றுகூட நினைத்து, முன்னறையில் குழாய்களுக்கு நடுவே சுருண்டு படுத்து அழுதேன்.

மறுநாள் காலையில் பல் துலக்கிவிட்டு அடுப்படிக்குள் வந்தேன். மதினி என்னைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். அதே ஈயச்சட்டி. அதே சோற்றுக் கரண்டி. வெள்ளையாகக் கொழகொழவென்று கொதித்தது. குழாய் ஒட்டுகிற பசை. தினமும் காலையில் அவள் காய்ச்சுவதுதான். ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான். சின்ன வயதில் அம்மா காய்ச்ச, நானே கிண்டியிருக்கிறேன். தின்கிற பொருளை எல்லாம் தோண்டித் துருவிய எனக்கு, தின்னாத பொருள் கண்ணில் படவே இல்லை.

"மதினி, இது என்ன மாவு?"

"பசைக்கு வேறென்ன போடுவாக? மைதாதான்."

"இந்தச் சட்டியிலயா தெனமும் காய்ச்சுதீங்க?"

மதினிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத்தான் ஒலை வைப்பேன். பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடுறது பொறத்தாலதான். வாளியில ஊத்தி, முத்தத்துல வச்சுத்தான் போடுவேன். அந்த வாளிய ஒருநாளும் அடுப்படிக்குள்ள கொண்டாந்தது கெடையாது. அது விசம்லா? புள்ளைக பொழங்குற வீட்டுல எனக்குத் தெரியாதா?"

"மதினி, எனக்கு மைதாதான் விசம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மதினி கிண்டுவதை நிறுத்திவிட்டுச் சட்டியைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், பாத்திரம் தேய்க்கிற நாரைப் பார்த்தாள். "அடி பாவி மகளே" என்றாள். அது எனக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து குத்தவைத்து, "ஒரு தனிச்சட்டி வேணும்னு வந்தன்னைக்கே கேட்டா என்ன? வாயில கொழுக்கட்டையா?" என்றாள்.

"அப்பா இருந்த வீட்டுல நான் எப்படிக் கேப்பேன்?"

வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் நின்றுவிட்டான். மெதுவாக, "தனிச்சட்டின்னா அப்பா தெருவுல எறிஞ்சிருப்பாரு" என்றான். அவன் தட்டு அவனுக்கு மறக்கவில்லை.

மதினி அன்று குழாய் உருட்டவில்லை. சாத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு பெரிய சட்டி, கரண்டி, புது நார் எல்லாம் வாங்கி வந்தாள். எனக்கென்று ஓரமாக வைப்பாள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு காத்திருந்தேன். அவள் புதுச் சட்டியை அடுப்பில் ஏற்றி, வீட்டுக்கு மொத்தமாக உலை வைத்தாள். பழைய சட்டியையும் கரண்டியையும் மைதா மூட்டையையும் தூக்கிக்கொண்டு போய், கொல்லைப்புறம் மூன்று கல்லைக் கூட்டி அங்கே வைத்தாள்.

"பசை வெளிய போகட்டும். நீ ஏன் வெளிய போற?" என்றாள்.

அன்று எல்லோரும் ஒரே சட்டிச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். எனக்கு அழுகையாக வந்தது. அதற்காகச் சந்தேகம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மதினி அந்தப் பக்கம் திரும்பியபோது தட்டை ஒருதரம் மோந்து பார்த்துக்கொண்டேன். அதை அவளும் பார்த்துவிட்டாள். கண்டுகொள்ளாமல் மோரை ஊற்றினாள். மூன்றாம் நாள் என் வயிறு அமைதியாகிவிட்டது.

ஆனால் பசையை வெளியே வைத்த மதினியால் கையை வெளியே வைக்க முடியவில்லை. நாள் முழுக்கக் குழாய் உருட்டும் கை அது. நகக்கண்ணில், ரேகைகளில், பித்தவெடிப்பு மாதிரி வெடித்த விரல்களில் எல்லாம் பசை காய்ந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் எனக்குச் சோறு போடும்போது கரண்டியின் நுனியைப் பிடித்து, கையை நீட்டித் தூரத்திலிருந்தே போட்டாள். என் தலையைத் தொடவில்லை, தோளைத் தொடவில்லை. தொட்டால் ஒன்றும் ஆகாது, வாய்க்குள் போனால்தான் ஆகும் என்று எத்தனையோ முறை சொன்னேன். "எதுக்கு வம்பு?" என்று தள்ளி நின்றாள். என் சந்தேகம் அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் ஆட்கள் தள்ளி நின்றதை எல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். என் பொருட்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி தள்ளி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்பும் நாளில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. காலையிலேயே கையை எத்தனை தடவை கழுவினாளோ, எலுமிச்சம்பழச் சோறு கிண்டிப் புது டப்பாவில் அடைத்து என் பைக்குள் வைத்திருந்தாள் மதினி. லோடு ஏற்ற ஆள் வரப்போகிறது என்று பிறகு குழாய் உருட்ட உட்கார்ந்தவள், ஹாரன் சத்தம் கேட்டு அப்படியே எழுந்து ஓடி வந்தாள். இரண்டு கையிலும் ஈரப் பசை. கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு எட்டி நின்றாள்.

"போயிட்டு வா தாயி. போன் போடு."

நான் இறங்கிப் போய் அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "விடு, விடு, ஆகாது" என்றாள். விடவில்லை. அவளும் பிறகு இழுக்கவில்லை.

சாத்தூரில் ரயில் ஏறி உட்கார்ந்தபோது என் உள்ளங்கையில் பசை காய்ந்து வெள்ளையாக வரி வரியாக இருந்தது. மடியில் சோற்று டப்பா. கையைக் கழுவாமல் திறக்கக் கூடாது. பைக்குள் ஸ்பூன் இருந்தது, அயர்லாந்தில் எப்போதும் கூடவே வைத்திருப்பேன். மதினி கிண்டிய சோற்றை ஸ்பூனால் தின்ன மனம் வரவில்லை. கழுவுகிற குழாய் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எழுந்திருக்கவும் மனம் வரவில்லை. விருதுநகர் வந்தது, போனது. நல்ல பசி. கையை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.